சார்ஜண்டின் கோழிப்பண்ணை

இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அண்ணனின் மகள் போனில் ஏதோ விளையாட்டை இறக்கிவிட்டு, "சும்மாதான் மாமி, காசில்லை" என்கிறாள். சும்மா கிடைத்த விளையாட்டுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவா முடியும்? பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில். பாதை பூட்டியாகிவிட்டது. நான் கணக்கியல் படிப்பதற்கென்று கனடாவிலிருந்த அண்ணன் ஒரு கொம்பியூட்டர் வாங்கித் தந்திருந்தான். படித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடையாள அட்டை இல்லாமல் முட்டை வாங்கக்கூட வெளியே போக முடியாத ஊரில், வயதுப் பெண் ஒருத்தி எவ்வளவு நேரந்தான் ஐந்தொகை போட்டுக்கொண்டிருப்பாள்?

அப்படித்தான் விளையாட்டுகளை இறக்கத் தொடங்கினேன். வழி காட்டித் தந்தவன் மேல்வீட்டு அன்ரியின் மகன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்தான், என்னைவிட ஒரு வயது இளையவன். "அக்கா, இதெல்லாம் ஃப்ரீ. ஒரு மணித்தியாலம் மட்டுந்தான் விடுவாங்கள். அதுக்குள்ள ஆசையைத் தீர்த்துப்போட்டு அடுத்ததுக்குப் போங்கோ" என்றான். உண்மைதான். மணித்தியாலம் முடிந்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து விழும். தொடர வேண்டுமென்றால் காசைக் கட்டு. கட்டக் கடன் அட்டை வேண்டும். அதற்கு எங்கே போவது? அழித்துவிட்டு அடுத்ததை இறக்குவேன். ஒரு விளையாட்டு இறங்க அரை நாள் பிடிக்கும், அந்த அரை நாளும் டெலிபோன் செத்துக் கிடக்கும். "கொண்ணன் எடுத்தால் என்னடி செய்யிறது?" என்று அம்மா குசினியிலிருந்து கத்துவார்.

நிறக்கற்களை மூன்று மூன்றாகச் சேர்ப்பது, சாப்பாட்டுக் கடை நடத்துவது, குப்பையாய்க் கிடக்கும் அறைக்குள் பொருள் தேடுவது, சீட்டு அடுக்குவது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் அவனும் கீழே இறங்கி, என் தோளுக்குப் பின்னால் நின்று பிழை பிடிப்பான். நல்ல காலம்தான் அது. அதைச் சொல்லவும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு சார்ஜண்டும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். முகத்துக்கு நேரே அவனை மாத்தயா, மாத்தயா என்று ஐயா போட்டுத்தான் கூப்பிட்டேன். இந்தக் காகிதம் என்னுடையது. இங்கே அவன் அவன்தான்.

அலுமாரியைக் கிளறினார்கள். அரிசி வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். கொம்பியூட்டரை அணைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, திரையில் நிறக்கற்கள் மின்னிக்கொண்டிருந்தன. "மொகத்த மே?" என்றான் சார்ஜண்ட். இது என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். துவக்கை மேசையில் சாய்த்தான். மற்ற இருவரையும் மேல்வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

எப்படிச் சேர்ப்பது என்று நான் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தேன். "சிரிச்ச முகமா நில்லடி" என்று அம்மா என் காதுக்குள் சொன்னார். சிரித்தேன். கற்கள் சேர்ந்து வெடிக்கும்போதெல்லாம் அவன் "ஷா! ஷா!" என்று சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினான். மேலே அன்ரியின் குரல் கேட்டது. பிறகு படியில் சப்பாத்துகள் இறங்கின, சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு ரப்பர் செருப்பும் இறங்கியது. நான் திரும்பினேன். "நங்கி, தென்?" என்றான் சார்ஜண்ட், தங்கச்சி, இனி என்ன செய்வது என்று. நீலக் கல்லைத் தொடச் சொன்னேன்.

பெட்டி வந்து விழுந்தது. அவன் எழும்பித் துவக்கை எடுத்துக்கொண்டு போனான். நான் வாசலுக்கு ஓடியபோது ஜீப் அன்ரியின் மகனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

விசாரித்துவிட்டு விடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பொலிஸ் நிலையத்தில், அப்படி ஒருவரை நாங்கள் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த வேதக்காரி, கிறிஸ்தவ மனுசி. யாழ்ப்பாணத்து மனிதரைக் கட்டியதால் பேச்சு எங்களைப் போல. மனிதர் செத்துப் பல வருடம், இருந்தது இந்த ஒரு பிள்ளை. மகனின் அடையாள அட்டையைக் கட்டுக்கட்டாகப் போட்டோக்கொப்பி அடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கந்தோராக ஏறினார். போகிற இடத்திலெல்லாம் ஒரு கொப்பியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாங்குவதற்கு மட்டும் ஒருவரும் பஞ்சிப்படவில்லை. புதுக்கடைக் கோர்ட்டு வாசலில் ஒரு பெரிய மனிதர், "அம்மா, பெடியன் இயக்கத்துக்கு ஓடியிருப்பான்" என்றாராம். செருப்பால் அடித்திருக்க வேண்டும். அன்ரி கும்பிட்டுவிட்டு வந்தார்.

அப்படியே சில கிழமைகள் போயின. ஒரு நாள் வகுப்பு முடிந்து வரும்போது, காலி வீதிச் சந்தியின் காவலரணில் அதே சார்ஜண்ட் நின்றான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நங்கி! அர கேம் எக்க தியெனவத?" அந்த விளையாட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறான். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகங்களைத் தூக்கி எறிந்தேன். அன்ரி அம்மாவோடு இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மண்ணள்ளித் தூற்றுவார் என்று பார்த்தால், "வரச் சொல்லு பிள்ளை" என்றார்.

"என்ன அன்ரி, விசரே உங்களுக்கு?"

"அவன் உன்ரை கதிரையில இருந்த நேரந்தான் என்ரை பிள்ளையைக் கொண்டு போனவங்கள். அவனுக்குத் தெரியாமல் இராது. நல்ல விளையாட்டா ஒண்டு எடுத்து வை. மனம் குளிர்ந்திருக்கேக்கை கேப்பம்."

"பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது" என்று அம்மா முணுமுணுத்தார். 

அன்றிலிருந்து அன்ரியும் நானும் விளையாட்டுத் தேடினோம். அதுவரை மவுஸைத் தொட்டே அறியாத மனுசி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்து, ஒரு பொலிஸ்காரனின் மனம் எதில் இளகும் என்று தீர்ப்புச் சொன்னார். குமிழிகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். "சுடுறது வேண்டாம். அது அவனுக்குத் தொழில்." ஒளிந்திருக்கும் பொருளைத் தேடும் விளையாட்டு. "ஐயோ, தேடுறதோ? ஞாபகம் வந்து இன்னொருக்கா அரிசி வாளிக்குள்ள கையை விடுவான்." சாப்பாட்டுக் கடை விளையாட்டில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார்கள், தாமதித்தால் முகம் சிவந்து எழும்பிப் போய்விடுவார்கள். அதைப் பார்த்ததும் அன்ரிக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அஞ்சு நிமிசம் பொறுக்க ஏலாதாமோ இவைக்கு? நான் விடிய ஆறு மணிக்குப் பொலிசுக்குப் போய் வாங்கில்ல குந்திக்கொண்டிருந்தனான், பின்னேரம் மட்டும் ஏனெண்டு கேக்க நாதியில்லை!" திரையைப் பார்த்து ஏசினார். நானும் சேர்ந்து ஏசினேன். இருவரும் சிரிக்கத் தொடங்கி, அன்ரி அழுது முடித்தார்.

கடைசியில் கோழிப்பண்ணை கிடைத்தது. புல்லை நட்டு, தண்ணீர் ஊற்றி, கோழி வாங்கிவிட்டால் முட்டை இடும். முட்டையை விற்று ஆடு வாங்கலாம், பிறகு மாடு. "இதுதான்" என்றார் அன்ரி. "கிராமத்து மனுசன். கோழி குஞ்சைக் கண்டால் வீட்டு ஞாபகம் வரும். வீட்டு ஞாபகம் வந்தால் இரக்கமும் வரும்."

சந்தியில் நின்றவனிடம் போய், புது விளையாட்டு இருக்கிறது மாத்தயா என்று நானே என் வாயால் கூப்பிட்டேன். அயல் முழுக்கப் பார்த்தது. அடுத்த நாளே, பொலிஸோடு பழக்கம் வைத்திருக்கும் வீடு என்ற பெயர் எங்களுக்கு வந்துவிட்டது. தங்கள் பிள்ளை பத்திரமாக வீட்டுக்குள் இருந்தவர்கள் கதைத்த கதை அது.

வேலை முடிந்து வந்தான். அன்ரி பால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கோழிகளைக் கண்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல். ஊரில் தன் மனைவி கோழி வளர்க்கிறாள் என்றான், மூத்த மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள் என்றான். அன்ரி சொன்னது சரி, அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. மணித்தியாலம் முடிந்து பெட்டி விழுந்ததும் கதிரையில் திரும்பி எங்களைப் பார்த்தான். அன்ரி ஒரு போட்டோக்கொப்பியை நீட்டினார். நான் சிங்களத்தில் கெஞ்சினேன். அவன் வாங்கிப் படித்தான், படத்தைப் பார்த்தான். "பொட்டக் இன்ன அம்மே, பலமு" என்றான். கொஞ்சம் பொறுங்கள், பார்ப்போம். கொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அன்று அன்ரி எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு சோறு சாப்பிட்டார்.

அடுத்த முறை வந்தவன் பண்ணையைத்தான் கேட்டான். மணித்தியாலம் முடிந்துவிட்டது, இனித் திறக்காது என்று சொல்லிச் சீட்டு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போனான்.  "பிள்ளை, அந்தப் பண்ணை முழுசா எங்கையும் கிடையாதோ?" என்று அன்ரி கேட்டார். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கள்ள சீடியாகக் கிடைத்தது. முழு விளையாட்டு, மணித்தியாலக் கணக்கே இல்லை. அதைக் கொம்பியூட்டரில் போட்டுவிட்டு இருவரும் ஏதோ வென்றுவிட்டவர்கள் போல அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

மடைச்சிகள். அவன் எங்கள் பக்கம் திரும்பியது அந்தப் பெட்டி விழுந்ததால்தான். அதை நாங்களே எங்கள் கையால் எடுத்தெறிந்தோம்.

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் வந்தான். வந்தால் எழும்பமாட்டான். ஆடு வாங்கினான், மாடு வாங்கினான், கம்பளி நெய்தான். நானும் அன்ரியும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றோம். கேட்டால், "பொட்டக் இன்ன." கொஞ்ச நேரம் விட்டுக் கேட்டால், "பொட்டக் இன்ன." கோப்பைக்குக் கையை நீட்டுவான், தலை திரும்பாது. நேரம் வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடுவான். அன்றைய கொப்பி கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். அன்ரி அதை எடுத்து, அடுத்த முறைக்கென்று மடியாமல் பைக்குள் வைப்பார்.

ஒரு புதன்கிழமை, கடற்காற்றின் ஈரத்தில் மேசை பிசுபிசுத்துக் கிடந்தது. மவுஸ் வழுக்கியது. அவன் நாக்கைச் சப்புக் கொட்டினான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கையால் தடவி, பக்கத்தில் கிடந்த கொப்பியை இழுத்து மவுஸுக்குக் கீழே வைத்தான். இப்போது நன்றாக ஓடியது. மேலும் கீழும், இடமும் வலமும், அந்தப் பிள்ளையின் முகத்துக்கு மேலே ஓடியது.

என் உடம்பு முழுக்க நெருப்பாக எரிந்தது.  திரையில் ஒரு கோழி கொக்கரித்தது.  அன்ரி சுவர்ப் பக்கம் நடந்து போய், குனிந்து, வயரைப் பிடித்துப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. அவன் திரும்பினான். கன நாளைக்குப் பிறகு அன்றுதான் அன்ரியின் முகத்தை நேரே பார்த்தான்.

"என்ரை பிள்ளை எங்கை?" அன்ரி தமிழில்தான் கேட்டார். சத்தம் போடவில்லை. அது விளங்கச் சிங்களம் தேவையில்லை.

அவன் அன்ரியை விட்டு என்னைப் பார்த்தான். முகத்தில் உண்மையான கவலை. "நங்கி," என்றான், "ஏக்க சேவ் உணாத?"

பண்ணை சேவ் ஆகிவிட்டதா என்று கேட்டான்.

"நே" என்றேன். இல்லை. அதில் எனக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை.

"அபராதே" என்றான். அநியாயமாய்ப் போச்சு. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜீப் வரும் என்று அம்மா பல நாள் வாசற்கதவைப் பார்த்தபடியே இருந்தார். வரவில்லை. அவனுக்கும் வேறு எங்கோ மாற்றம் என்று கேள்விப்பட்டோம். அன்ரியின் மகனைப் பற்றி இன்று வரைக்கும் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சண்டை முடிந்தும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை அவன் போன பிறகு, அன்ரி கொப்பியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கறுப்பு மை இழுபட்டுப் படத்தின் கன்னம் முழுக்க அப்பியது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, அதை ஒருக்காப் போடு" என்றார். வயரைச் செருகிக் கொம்பியூட்டரைப் போட்டேன். பண்ணையைத் திறந்தேன். அது தன்பாட்டில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் விளையாட்டு என்று எனக்குத் தெரியும். கோழிகள், ஆடுகள், மாடுகள், பொறுக்காமல் விட்ட முட்டைகூட அதே இடத்தில் கிடந்தது.

அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"ஒண்டும் குறையேல்லையோ பிள்ளை?"

"இல்லை அன்ரி," என்றேன். "ஒண்டும் குறையேல்லை."