ரைட்டரின் ஆட்டுக்குட்டி

என் சினை ஆடு காப்பிச் செடியை மேய்ந்துவிட்டதென்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அதைப் பிடித்துப் பட்டியில் அடைத்தார். தண்ணீர்கூட வைக்கவில்லை. அங்கேயே அது செத்தது. அவரைச் சும்மா விடுவதில்லை என்று கருவிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில், எங்கள் ஊர் கொட்டச்சேட்டில், எஸ்டேட் வேலியோரம் அவருடைய ஆடு தூறலில் தனியாகக் குட்டி போட்டது. குட்டியை நக்கவந்த தாயை இழுத்துப்போய்த் தூரத்தில் கட்டினேன். "வெறைச்சுச் சாவட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். காதும் காலும் சில்லிட்டிருந்தன. உடம்பு மட்டும் கதகதவென்று இருந்தது. ஓடிப்போய்த் தாயை அவிழ்த்துவிட்டேன்.

பிறகு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் அந்தச் சூடு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"பொறக்கறப்பவே உள்ள பழுப்புக் கொழுப்பு இருக்குமுங்க. அது எரிஞ்சுதான் குட்டிக்குச் சூடு. நொம்ப நேரம் தாங்காதுங்க, அதுக்குள்ள சீம்பால் குடிக்கோணும்."

மறுநாள் ரைட்டர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, எவனோ கட்டிப்போட்ட தாயை அவுத்து உட்டது நீங்கதானாமா? குட்டி பொழச்சுக்குச்சு, நொம்ப உபகாரமுங்க."

அவரை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்மேல் இருந்த ஆத்திரத்தில், பிறந்த குட்டியின் கையிருப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டவன் நான். கட்டியதும் நான்தான் என்று அவரிடம் சொல்ல, இதுவரை எனக்கு வாய் வரவில்லை.