காரம் குறைவாக… ஓவர்!

போன வாரம் பெய்த மழையில் உத்திரமேரூரின் டெலிபோன்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. காஞ்சிபுரம் போன பஸ் பாதி வழியிலேயே திரும்பி வந்தது. வெளியுலகத்தோடு பேச எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வயர்லெஸ் பெட்டி.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே… பென்சிலைக்கூட நீளவாரியாக அடுக்கி வைக்கிறவன். தாலுகா ஆபீஸில் என் மேலதிகாரிக்கும் அது தெரியும். "வயர்லெஸ் ரூம்ல போய் உக்காருங்க. எந்தச் சேதி முன்னாடி, எது பின்னாடின்னு ஒழுங்கு பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வயர்லெஸ்ஸில் ஒரு சங்கடம். ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மதுராந்தகம் பேசி முடிக்கும்வரை நாங்கள் காத்திருப்போம். எங்கள் முறை வந்தால் ஒரு சேதி, மிஞ்சினால் இரண்டு. பிறகு மறுபடியும் காத்திருப்பு.

ஆகவே மூன்று தட்டுகள் வைத்தேன். மிக அவசரம், அவசரம், சாதாரணம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

காபி ஆறுவதற்குள் 'மிக அவசரம்' நிரம்பி வழிந்தது. மற்ற இரண்டு தட்டுகளிலும் காற்று. எந்த ஆபீஸில்தான் சிவப்பு ஸ்டாம்ப் இல்லை? போன மாத அறிக்கைக்கு நினைவூட்டல் — மிக அவசரம். கூட்டத்துக்கு நாற்காலி — மிக அவசரம். எல்லோருக்கும் முன்வரிசைதான் வேண்டும். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் முன்வரிசை என்றால் தரை டிக்கெட்… அதை யாரும் யோசிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது விருந்துச் சீட்டு. வெள்ளச் சேதம் பார்க்க அன்று மதியம் ஒரு மந்திரி வருவதாக ஏற்பாடு. 'மந்திரிக்குக் கோழிக் குழம்பு காரமாகவா, காரம் குறைவாகவா? உடன் பதில் தேவை.'

அப்போதுதான் கன்னியம்மா வந்தார். திருப்புலிவனம் பக்கத்து ஏரி ஒன்றின் நீர்கட்டி — தண்ணீர் திறந்துவிடுகிறவர் — அவருடைய கணவர். தலையில் உரச்சாக்கு, கையில் நனைந்த சீட்டு. 'ஏரி நிரம்பிவிட்டது. கரையில் கசிவு. உபரி நீர் ஷட்டரைத் திறக்க உத்தரவு வேண்டும்.'

சீல் இல்லை. சீல் வைக்க வேண்டிய அதிகாரி மழையில் காஞ்சிபுரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். சீல் இல்லாத சீட்டு சாதாரணத் தட்டுக்குத்தான் போக வேண்டும். நான் விதியை மீறி 'மிக அவசரம்' தட்டில் வைத்தேன். அடியில்! கடைசியாக வந்தது கடைசியில்தானே?

"இது எப்ப சார் போவும்?"

"மேல இருக்கறதெல்லாம் போனதும்."

"மேல இன்னா கீது?"

ஆபரேட்டர் கோவிந்தன் வெகுளி. எடுத்துப் படித்தே காட்டிவிட்டார்.

கன்னியம்மா சாக்கைத் தலையிலிருந்து இறக்கினார். "நல்லா கீதுய்யா நாயம்! எங்க வூட்டுக்காரரு கரைமேல மண்ணு மூட்டைய அடுக்கிக்கினு கீறாரு. நீங்க கோழிக்குக் காரம் கேட்டுக்கினு கீறீங்க. கரை ஒடைஞ்சா மொதல்ல எங்க காலனி போவும். அப்பால அந்த ரோடு போவும். உங்க மந்திரி இன்னா, நீந்திக்கினு வந்து துன்னுவாரா?"

கோவிந்தன் ஹெட்போனைக் கழற்றினார். "சார்… மந்திரி அந்த ரோட்லதானே வராரு?"

சட்டென்று கோழிச் சீட்டை எடுத்தார். அதன் அடியிலேயே எழுதினார்: 'மந்திரி வரும் சாலை ஏரி நீரில் மூழ்கும் அபாயம். ஷட்டர் திறக்க உடனே உத்தரவு தேவை.'

"ஒரு சீட்டுல ஒரு விஷயம்தான் இருக்கணும் கோவிந்தன்…"

"கோழி போற வண்டியில இதுவும் தொத்திக்கினு போவட்டும் சார்!"

எங்கள் முறை வந்தது. கோழியையும் ஏரியையும் ஒரே மூச்சில் படித்தார். வழக்கமாக, பதில் வருவதற்குள் மீசை நரைத்துவிடும். இந்தத் தடவை? அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் காஞ்சிபுரம் கரகரத்தது.

"ஷட்டரை உடனே திறக்கவும். காரம் குறைவாக. ஓவர்!"

"உத்தரவை எழுதித் தரேன், இரும்மா" என்றேன்.

"நீ எழுதிக்கினே இரு நைனா" என்று சொல்லிவிட்டு, ஷட்டர் சாவியோடு புறப்பட்ட ஆபீஸ் ஜீப்பில் தொற்றி ஏறிக்கொண்டார்.

ஷட்டர் திறந்தது. கரை நின்றது. காலனியில் முற்றம்வரை தண்ணீர் வந்ததே தவிர, ஒரு சுவர்கூட விழவில்லை. சாலையும் மூழ்கவில்லை.

மந்திரிதான் வரவில்லை.

கோழி கொதித்து, ஆறி, மறுபடியும் கொதித்த பிறகு ஒரு சேதி வந்தது. 'மந்திரியின் பயணம் ரத்து.' காலையிலேயே முடிவாகிவிட்டதாம். அனுப்பியவர் அதற்குப் போட்டிருந்த முத்திரை — சாதாரணம். மாவட்டத்திலேயே அன்று விதிப்படி நடந்துகொண்ட மனிதர் அவர் ஒருவர்தான். நடக்காத பயணத்துக்கு என்ன அவசரம்?

ஆக, வராத காருக்காக ஒரு சாலையைக் காப்பாற்றினோம். வழியில் காலனியும் பிழைத்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்த காலனி ஜனங்களுக்கே விருந்து போயிற்று. நானும் கூடப் போனேன். கன்னியம்மா ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சார் கொயம்பு இது? காரமே இல்ல!"

மாவட்டமே வாயை மூடிக் காத்திருந்து வாங்கித் தந்த உத்தரவு அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?