சாட்சி சொன்ன ஆட்டக்காரர்

ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வரும் புது ஆட்கள், பந்து விளையாடுகிறவரையோ மேடையில் ஆடுகிறவரையோ மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு வண்டி, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். ஓடும்போது ஸ்டீயரிங் ஆடுகிற வண்டியை அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். "அடுத்தவன் வண்டி ஆடுனாத்தான் நம்ம அடுப்பு எரியும்" என்று அவரும் சொல்லிச் சிரிப்பார். கனத்த உடம்பு. வண்டிக்கு அடியில் நுழைவதற்கு முன் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "நடுக்கமா, உதறலா?"

நடுக்கம் என்றால் ஒரு வேகத்தில் கைக்குள் மெல்ல அதிரும், வேகம் மாறினால் போய்விடும். பெரும்பாலும் டயரிலோ சக்கரத்திலோ இருக்கும் கோளாறு. உதறல் அப்படியில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழும், உடனே முன்சக்கரம் இரண்டும் பேய் பிடித்ததுபோல் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மணிக்கட்டு கழன்றுவிடும். வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை அது நிற்காது. உயரம் ஏற்றிய ஜீப்புகளில்தான் இது அதிகம். ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்து, பெரிய டயர் மாட்டி வண்டியைத் தூக்கும்போது, முன் அச்சைப் பிடித்திருக்கும் கம்பிகளின் சாய்மானமெல்லாம் மாறிப்போகும். தூக்குகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கண்டுகொள்வதில்லை.

அவருடைய தங்கை கணவனும் கண்டுகொள்ளவில்லை.

மாப்பிள்ளை என்றே எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதன், மலைமேல் காற்றாலை வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிக்கொண்டிருந்தான். மேலே பாதை முழுக்கக் கல்லும் ஓடையும். வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க வேறொரு ஊரில் ஜீப்பை உயர்த்திக்கொண்டு வந்திருந்தான். தங்கை மலைமேல் இருந்த சின்ன மருத்துவ நிலையத்தில் நர்ஸ். பேருந்து அங்கே போகாது என்பதால் தினமும் காலையில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் போவாள். அவர்களுக்கு ஒரே மகள், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம் மாப்பிள்ளை ஜீப்பைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது.

"தார் ரோட்டுல வரும்போது உதறிடுச்சு மச்சான். பாலத்துல ஏறினேன், அவ்வளவுதான். பல்லெல்லாம் கொட்டிடும்போல ஆச்சு."

ஆட்டக்காரர் அவனை இறங்கவிடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து அடியில் போனார். ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் அதை வண்டிச் சட்டத்தோடு இழுத்துப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. அதன் மேல்முனை போல்ட்டில் விரல் பட்டதும் நின்றுவிட்டார். ஸ்டீயரிங் அசையும்போதெல்லாம் போல்ட் துளைக்குள் டக் டக்கென்று தாவியது.

வெளியே வந்து மாப்பிள்ளையைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"சட்டத்துல இந்தக் கம்பியை மாட்டியிருக்கற இரும்புக் காதைப் பாருங்க. துளை வட்டமா இருக்கணும். முட்டை மாதிரி ஆயிருக்கு. வண்டியைத் தூக்கினதுல கம்பி சாஞ்சுபோச்சு, குழியில விழும்போதெல்லாம் காதைப் பிடிச்சு இழுக்குது. ஓரத்துல கீறல்கூட விட்டிருக்கு."

"போல்ட்டை டைட் வெச்சா?"

"ரெண்டு நாள் நிக்கும். காதை வெட்டி எடுத்துட்டு வேற வெல்டு பண்ணணும். வண்டியையும் கொஞ்சம் இறக்கணும். விட்டுட்டுப் போங்க, ஒரு வாரத்துல தரேன்."

ஒரு வாரம் வண்டி நின்றால் காற்றாலைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்றான் மாப்பிள்ளை. வாரக் கடைசியில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வாரக் கடைசியில் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான், சிரித்துக்கொண்டே.

"ஓட்டிப் பாருங்க மச்சான். ஆட்டம் போயே போச்சு. இனிமே உங்க பேரை மாத்தி வெக்கணும்."

நெடுஞ்சாலை ஓரத்து உதிரிபாகக் கடையில் ஸ்டீயரிங்குக்குப் புதிதாக டேம்பர் மாட்டியிருந்தான். ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் எண்ணெய்க் குழாய் அது. ஆட்டக்காரர் அடியில் போய்ப் பார்த்தார். காது அப்படியே இருந்தது. கீறல் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தது.

"வலிக்கறவன் வாயைப் பொத்தி வெச்சிருக்கீங்க. வலி உள்ளேயேதான் இருக்கு. தங்கச்சியை இதுல ஏத்தாதீங்க."

அன்று சாயங்காலம் தங்கைக்கும் போன் செய்து சொன்னார். அவள் சலித்துக்கொண்டாள். "அவர் சரியாயிடுச்சுங்கறார், நீ இல்லைங்கற. நான் யாரு பேச்சைக் கேக்கறது அண்ணா? நடந்தா போக முடியும் அந்த மலைக்கு? வர்ற மாசம் வேலை கொஞ்சம் குறையும், அப்ப நானே இழுத்துட்டு வந்து உன்கிட்ட விடறேன்."

அந்த மாதம் அவளுக்கு வரவில்லை. வேலை முடிந்து இருவரும் இறங்கி வரும்போது அதே பாலத்தின் விளிம்பில் சக்கரம் ஏறியது. காது பிய்ந்துகொண்டு போனது. பயத்தில் மாப்பிள்ளை பிரேக்கை ஒரேயடியாக மிதித்துவிட்டான். ஜீப் தடுப்புச் சுவரில் மோதித் தங்கை உட்கார்ந்திருந்த பக்கமாகக் கவிழ்ந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரர்தான் இறங்கி ஓடிவந்தார். அவர் போய்ச் சேரும்போதே அவள் உயிர் போயிருந்தது. மாப்பிள்ளைக்கு இடுப்பும் ஒரு காலும் முறிந்தன.

எல்லாம் முடிந்த பிறகு ஆட்டக்காரர் மருத்துவமனைக்குப் போனார். மாப்பிள்ளை கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தான். வெகுநேரம் அழுதான். அழுது ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போலீஸ் வந்தாங்க மச்சான். டேம்பர் மாட்டுனவன் எல்லாம் சரியாயிடுச்சு, தைரியமா ஓட்டுங்கன்னு சொன்னான்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னானா அவன்?"

மாப்பிள்ளை பேச்சை மாற்றினான். "நீங்க பாத்தது உங்களோடவே இருக்கட்டும். பொண்ணு இருக்கா. அம்மாவும் போய், நானும் உள்ள போயிட்டா அவ என்ன ஆவா?" என்றான்.

ஆட்டக்காரர் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வருகிற வழியில் உதிரிபாகக் கடையில் நின்றார். ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரரை விசாரணைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்று பக்கத்துப் பஞ்சர்க் கடைக்காரர் சொன்னார். "வந்தவர் டேம்பர் மாட்டுன்னாரு, இவரு மாட்டினாரு. இவரு அடியில வேற ஏதாவது இருக்கும், மெக்கானிக்கிட்ட காட்டுங்கன்னுகூடச் சொன்னாரு. நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். ஏற்கெனவே காட்டியாச்சுன்னாரு அவரு."

அன்றைக்கு வீட்டில் ஆட்டக்காரர் சோற்றில் கை வைக்கவில்லை. மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீங்களா வலிய போய்ச் சொல்லப் போறீங்களா?"

"கேட்டா பொய் சொல்ல முடியாது."

"போனவ போயிட்டா. அந்தப் பொண்ணுக்கு அப்பனாவது மிஞ்சட்டுமே. கடைக்காரனுக்கு நாலு பேர் இருப்பாங்க, வக்கீல் வெப்பாங்க."

"அவனுக்கும் பொண்ணு இருக்கு. ரெண்டு."



விபத்தான ஜீப் காவல் நிலையத்தின் பின்பக்கத்தில், மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. வாகன ஆய்வாளர் ஒரு பெண். டார்ச்சோடு மண்டியிட்டு, சேற்றைப் பார்க்காமல், அவரே அடியில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பிய்ந்த காதின் விளிம்பில் பாதி பளபளவென்றும் பாதி துருவேறியும் இருந்ததை அவரே கண்டுபிடித்துவிட்டார். பளபளப்பு அன்றைக்கு உடைந்தது, துரு அதற்கு முன்பே விட்டிருந்த கீறல். தான் வரச் சொல்லியிருந்த ஆட்டக்காரரைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"கீறல் பழசு. இதை ஓட்டுனவருக்கோ வேற யாருக்காவதோ முன்னாடியே தெரியுமாங்கறதுதான் எனக்கு வேணும். இறந்தவங்க உங்க தங்கச்சின்னு தெரியும். சொல்ல முடியலேன்னா பரவாயில்லை, நான் வற்புறுத்த மாட்டேன்."

திரும்பிப் போக வழி இருந்தது. ஆய்வாளரே விட்டுக்கொடுத்த வழி. ஆட்டக்காரர் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் இருக்கைப் பக்கக் கதவு உள்ளே மடிந்து கிடந்தது.

"எனக்குத் தெரியும்மா. அவருக்கும் தெரியும். குனிய வெச்சு நான்தான் காட்டினேன். டேம்பர் போட்டப்புறமும் சொன்னேன். கடைக்காரர் மேல தப்பில்லை."

நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மாப்பிள்ளை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றான், ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைக்காரரை விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சிறை. வண்டி ஓட்டும் உரிமமும் போயிற்று.

தங்கையின் மகள் ஆட்டக்காரர் வீட்டுக்கு வந்தாள். அத்தையிடம் எல்லாம் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். மாமா உள்ளே வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவர் கொட்டகையிலேயே அதிக நேரம் இருக்கப் பழகிக்கொண்டார். உயர்த்திய வண்டி எதையும் அதன்பிறகு தொடுவதில்லை, இறக்கித் தரச் சொல்லி வந்தால் மட்டும் செய்தார். அதனால் வேலை பாதியானது.

ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா அப்பா வீட்டுல இருந்திருப்பாருல்ல?"

அத்தை கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இருந்திருப்பாரும்மா," என்றார் ஆட்டக்காரர்.

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். எனக்கு அதுக்குமேல சொல்லத் தெரியலை."

அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

தண்டனை முடிந்து மாப்பிள்ளை மகளை அழைத்துப்போக வந்தான். முடி நரைத்து, ஒரு கால் குட்டையாகி இருந்தது. உள்ளே வரச் சொல்லி அத்தை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அவன் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. மூட்டைகள் வைக்கும் ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்திருப்பதாகவும், பின்னால் ஒரு அறை தந்திருப்பதாகவும் சொன்னான். அதையும் அத்தையைப் பார்த்தே சொன்னான்.

ஆட்டக்காரர் பெண்ணின் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றினார். மாப்பிள்ளை ஏறுவதற்குச் சிரமப்பட்டபோது முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவன் கையை உதறவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. பெண் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அத்தைக்குக் கையசைத்தாள். பேருந்து நகர்ந்தது.

"ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாங்களே ரெண்டு பேரும்," என்றாள் மனைவி.

"என்னத்தைப் பேசுவாங்க," என்று சொல்லிவிட்டு அவர் கொட்டகையைத் திறக்கப் போனார்.