பாட்டிலில் வந்த நல்ல தண்ணீர்

பாய்லருக்குள் உப்புப் படியாமல் இருக்க கெமிக்கல் விற்பது என் பிழைப்பு. தண்ணீரைப் பரிசோதித்து, ஒரு நாளைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

ஆமத்தூர்ப் பக்கம், பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று. அட்டை ஒட்ட நீராவி வேண்டும் என்று அங்கே ஒரு பாய்லர் ஓடும். அதன் முதலாளி என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். "தாள் வாங்குறதா, ஒங்க கெமிக்கலுக்கு அழுவுறதா?" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அங்குள்ள போர்வெல் தண்ணீரில் அவ்வளவு உப்பு; வாயில் வைத்தால் குமட்டும்.

போன வருஷம் தீபாவளி சீசனுக்கு முன்னால், கெமிக்கலைக் குறைக்க வழி பாருங்கள் என்று நச்சரித்தார். பாய்லருக்குப் போகும் தண்ணீரை எப்போதும் நானே போய்ப் பிடித்து வருவேன். அந்தத் தடவை வெயிலுக்குச் சோம்பல்பட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வண்டியில் அனுப்பச் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக அங்கே பாய்லர் பார்க்கும் அண்ணன் பிடித்து அனுப்பினார்.

சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் உப்பே இல்லை. அந்த போர்வெல்லில் அப்படி வரவே வராது என்று எனக்குத் தெரியும். ஊற்று மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் கூசாமல் என் கையெழுத்தைப் போட்டு, கெமிக்கலைப் பாதியாகக் குறைத்து எழுதினேன். முதலாளி அன்றுதான் எனக்கு முதல்முறையாக டீ வாங்கித் தந்தார்.

சீசன் உச்சத்தில் பாய்லர் டியூப் ஒழுகியது. திறந்தால், டியூப்களின் மேல் உப்பு கல்லாக இறுகியிருந்தது. எட்டு நாள் வேலை நின்றது. ஆர்டரெல்லாம் வேறு கம்பெனிக்குப் போனது.

எப்படி நடந்தது என்று முதலாளி கேட்டபோது, அண்ணன் கள்ளமில்லாமல் சொன்னார். "டவுனுக்கு ஒரு ஆளுக்குக் குடுத்துவிடுற பாட்டில்ல உப்புத் தண்ணியவா புடிக்கது? குடிக்கிற தண்ணி லாரி வந்துச்சு மொதலாளி. அதுல புடிச்சு விட்டேன்."

அந்தத் தண்ணீர் எதற்கு என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"இவன் அனுப்புனத வச்சுத்தான் எழுதுனீகளா?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்றேன். நான் பிடித்திருக்க வேண்டிய தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் வேலை போகும். என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் அவர் மேஜையிலேயே கிடந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில் அவரை இனி யார் சேர்த்துக்கொள்வார்கள்? கேட்டருகே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்னால ஒங்களுக்கும் கெட்ட பேரு சார். மனசுல வச்சுக்கிடாதீக."

"பரவாயில்லண்ணே" என்றேன்.