ஈரச்சேலையும் நெட்வொர்க் கேபிளும்

குழு நண்பர்களே, தம்பியின் கம்ப்யூட்டரில் இதைத் தட்டுகிறேன்.

காலையிலிருந்தே என் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "இனி ஒரு தடவை ஆஃப் பண்ணா மறுபடி ஆன் ஆகாது" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். கொள்ளேகால் பட்டுப்புழுக்களைப் பற்றிய என் மூன்று வருட ஆராய்ச்சி, படங்களோடு அதற்குள்தான் இருந்தது. அவ்வளவையும் ஃபிளாப்பியில் ஏற்ற முடியாது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் தம்பியின் அறை. அவன் கம்ப்யூட்டருக்கும் என்னுடையதற்கும் நடுவே போன வாரம்தான் கறுப்புக் கேபிள் இழுத்திருந்தோம். அதன் வழியே காப்பி போட்டேன்.

பாதியில் நின்றது.

"அக்கா, எதுவும் வரல!" என்று அங்கிருந்து தம்பி கத்தினான். டிஸ்க்கின் அடி வேகமெடுத்தது.

வெளியே ஓடினேன். கேபிளில் வீட்டுக்கார அம்மாவின் மூன்று ஈரச்சேலைகள் தொங்கின. பாரம் தாங்காமல் கனெக்டர் கழன்றிருந்தது.

"சும்மாதானே கெடக்குது கண்ணு, வெயிலும் நல்லா விழுகுது" என்றார் ஹனூர் ஊர்க்காரரான வீட்டுக்கார அம்மா.

சேலைகளை அள்ளி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கனெக்டரை மாட்டி, முதலிலிருந்து காப்பி போட்டேன். கடைசி ஃபைல் போய்ச் சேரும்வரை தம்பியைக் கேபிளுக்குக் காவல் நிறுத்தினேன்.

பிறகு என் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். மெக்கானிக் சொன்னது சரிதான்.

கையோடு அந்தம்மாவுக்கென்று முற்றத்தில் நைலான் கயிறு கட்டிக் கொடுத்தேன். இப்போது கயிற்றில் சேலைகள், கேபிளில் பாவாடைகள்.

ஈரப்பாவாடை தாங்கும் கேபிள் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.