சீட்டில் படாமல்

ஒரு பொருளைக் காப்பாற்றுகிறோம் என்கிறோமே, யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்? திருடனிடமிருந்து என்றால் பூட்டு போதும். மழையிடமிருந்து என்றால் கூரை போதும். அந்த லேத் பட்டறைக்காரர் தன் காரின் உட்புறத்தைக் காப்பாற்றியது அதில் உட்கார வருகிறவர்களிடமிருந்து. வேண்டாதவர்களை யாரும் காரில் ஏற்றுவதில்லை. ஆகவே, வேண்டியவர்களிடமிருந்து.

தெருவில் அவருக்குப் பெயர் ‘தொடாதே’. பிள்ளைகள் வைத்தது. கார்க் கதவு திறந்திருக்கும்போது யார் பக்கத்தில் வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அது. நாளடைவில் பெரியவர்களும் பழகிக்கொண்டார்கள். ‘தொடாதே வீட்டுக்கு எதிர்த்த வீடு’ என்று வழி சொல்லுமளவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

வார்ப்பிரும்பைக் கடைந்தால் பறக்கும் தூள் கரியைப் போன்றது. எண்ணெயோடு சேர்ந்து தோலுக்குள் இறங்கிவிடும். நகக்கண், காதுமடல், கழுத்துச் சுருக்கம் என்று எங்கு தேய்த்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இடம் காலியாக இருந்தாலும் அவர் உட்கார மாட்டார். இளவயதில் ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறார். எழுந்தபோது அவர் முதுகு சீட்டில் அப்படியே பதிந்திருந்தது. அடுத்து உட்கார வந்தவர் சீட்டைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். அதற்குப் பின் கம்பியைப் பிடித்து நின்றபடியேதான் வந்தார், கார் வாங்கிய பிறகும் பட்டறைக்கு அப்படித்தான்.

வாங்கியது பழைய கார். ஆனால் உள்ளே சீட்டு, கதவு உட்புறம், மேற்கூரைத் துணி எல்லாம் வெளிர்நிறம், பாலாடையைப் போல. கூடப் போன தம்பிக்குப் பிடிக்கவில்லை.

“அண்ணே, அந்தக் கறுப்பு சீட்டு வண்டியப் பாருண்ணே. உன் வேலைக்கு அதுதான் லாயக்கு. அழுக்கே தெரியாது.”

“தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமாடா?”

அவர் பேசியதில் யோசிக்க வைக்கிற வாக்கியம் இது ஒன்றுதான். அதையும் அவர் சீட்டைத் தவிர வேறெதற்கும் பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கீழ்வீட்டில் அவரும் மனைவியும். மாடியில் தம்பியும் தம்பி மனைவியும். அடுப்பு ஒன்று. அண்ணன் தம்பியைவிட அந்த இரண்டு பெண்களுக்கும்தான் ஒட்டுதல் அதிகம். ஒருத்தி சமைக்க ஆரம்பித்தால் மற்றவள் முடிப்பாள். லேத்காரருக்குக் குழந்தை இல்லை. தம்பி மனைவி உண்டானபோது இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் குழந்தை என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. தொட்டில் கொக்கியை அவர் பட்டறையிலேயே கடைந்து எடுத்து வந்து மாடியில் மாட்டினார். பிறக்கும் முன்னே எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, “அப்புறம் நேரம் இருக்காது” என்றார்.

காரில் ஏறுவதற்கு விதிகள் இருந்தன. செருப்பைக் கழற்றி, காலடியில் இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். புது ஜீன்ஸ் ஆகாது. அதன் நீலம் வெளிர்சீட்டில் இறங்கிவிடும். தலையில் எண்ணெய் வைத்தவர்களுக்குப் பின்னால் ஒரு துண்டு. செய்தித்தாள், கறுப்புத் தோல்பை, ஈரக்குடை எதுவும் உள்ளே வரக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம், வண்டி நின்ற பிறகு.

“ஏறுறதுக்கு முன்னாடி குளிச்சுட்டு வரணுமா மாமா?” என்று தம்பி மனைவி கேட்பாள்.

“குளிச்சா ஈரத்தோட ஏறுவியே.”

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிழலில் வண்டியை நிறுத்தி நான்கு கதவையும் திறப்பார். முதலில் ஈரம் கூடாது, தூசி சேறாகிவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் தையல் ஓரமெல்லாம் தட்டி எடுப்பார். பிறகு குழந்தைச் சோப்பு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரே திசையில் துடைப்பார். கடைசியில் ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். துணி வெள்ளையாக இருந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு.

“என் முகத்த என்னிக்காவது அப்படிப் பார்த்திருக்கீங்களா?” என்பாள் மனைவி.

“நீ அழுக்காவா இருக்க?”

“பதிலப் பாரு.”

குழந்தை நாள் தள்ளி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி எலக்ட்ரீஷியன், வெளியூரில் ஒரு கட்டடத்துக்கு வயர் இழுக்கப் போயிருந்தான். வலி ஒரு நடுப்பகலில் வந்தது. மனைவி பட்டறைக்குப் போன் செய்தாள். அவர் லேத்தை நிறுத்திவிட்டுப் பஸ் பிடித்தார். இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவர் வாசலில் நுழைந்ததும் நேராகக் குழாயடிக்குப் போனார்.

தம்பி மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவர் சோப்புத் தூளையும் மரத்தூளையும் கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை தேய்த்தார். நகத்துக்குள் தேய்த்தார்.

“என்னங்க பண்றீங்க? வாங்களேன்!” என்று மனைவி கத்தினாள்.

“இந்தா வந்துட்டேன். இந்தக் கையோட எப்படி...”

எப்படி என்ன என்று சொல்லி முடிக்கவில்லை. இந்தக் கையோடு எப்படி அவளைப் பிடிப்பது என்று சொல்ல வந்தாரா, கார்க் கதவைப் பிடிப்பது என்று சொல்ல வந்தாரா? மனைவி பின்னாளில் முதலாவது என்று வாதாடினாள். அவளுக்கும் நிச்சயம் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தார். திறந்தவர் மறுபடி உள்ளே ஓடினார். பட்டறைக்குப் புது மெஷின் வந்தபோது அதைச் சுற்றி வந்த தடிமனான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை எடுத்து வந்தார். பின்சீட்டில் விரித்தார். ஓரத்தைச் சீட்டின் இடுக்கில் செருகினார். ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் கிளம்பியது. அதையும் செருகினார்.

“ஒரு நிமிஷம்மா. ஒரே நிமிஷம்.”

அந்த ‘அம்மா’வில் பிரியம் இருந்தது. அதுதான் கொடுமை. அவள் கேட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவர் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பனிக்குடம் உடைந்தது, காருக்கு வெளியே, சிமெண்டுத் தரையில்.

நன்றாகத்தான் ஓட்டினார். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து ஓட்டினார். ஆனால் பிளாஸ்டிக்கில் பிடிப்பு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வழுக்கி ஓரத்துக்குப் போனாள். பக்கத்தில் இருந்த மனைவி இழுத்து இழுத்து உட்கார வைத்தாள். வலி வரும்போது பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் அவள் ஷீட்டையே கசக்கிப் பிடித்தாள். அது நொறுங்குவதைப் போல் சத்தம் போட்டது. வழி முழுக்க அந்தச் சத்தம்.

ஒன்றும் ஆகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, தாயும் நலம். ஏதாவது ஆகியிருந்தால் ஒருவேளை அவரைத் திட்டித் தீர்த்து, அழுது, ஒரு நாள் மன்னித்திருக்கவும் கூடும். ஒன்றும் ஆகாததால் மன்னிக்கவும் எதுவும் இல்லாமல் போயிற்று.

பெண் குழந்தை என்று சொல்ல மனைவி அவரைத் தேடினாள். வராந்தாவில் இல்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில், காரின் பின்கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, சீட்டின் இடுக்கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு பொறந்திருக்கு.”

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “ஒரு சொட்டு படல” என்றார்.

மனைவி இதை மேலே வார்டுக்குப் போய்ச் சிரிப்பாகச் சொன்னாள். சிரிப்பாகச் சொன்னால் சிரிப்பாகிவிடும் என்று நினைத்தாள். “சேதி சொல்லப் போனா, மனுஷன் சீட்டத் தடவிட்டு நிக்குறாரு. எங்க போய் முட்டிக்க!” கட்டிலில் கிடந்தவள் சிரிக்கவில்லை. குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் வண்டியைத் துடைத்து, ஜன்னலையெல்லாம் ஏற்றி, வாசலில் தயாராக நின்றார். ஷீட் இல்லை. வேண்டுமென்றே எடுத்து டிக்கியில் மடித்து வைத்திருந்தார். தம்பி மனைவி குழந்தையோடு வந்து பார்த்தாள்.

“வேணாம் மாமா. குழந்த கக்கிடும்.”

“கக்கட்டும்மா. குழந்ததான?”

“சீட்டு பாழாயிடும் மாமா. நாங்க ஆட்டோல வந்துடறோம்.”

மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதை பிறகு ஒருநாளும் குறையவில்லை. கேலி, விழுந்து விழுந்து சிரிப்பது எல்லாம் நின்று, வெறும் மரியாதை மட்டும் மிஞ்சியது. மாடியில் தனி அடுப்பு வந்தது. குழந்தை தவழும் முன்பே அவர்கள் ஊரின் மறுகோடியில் வீடு பார்த்துப் போனார்கள். தம்பிக்குப் போக மனமில்லை. “அவளுக்கு அங்கதான் காத்தோட்டமா இருக்காம்ணே” என்றான், அண்ணன் முகத்தைப் பார்க்காமல். கொக்கியைக் கழற்றிக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். அது மாடி அறையில் தொங்குகிறது.

பெண் வளர்ந்தாள். விடுமுறை நாளில் தகப்பனோடு வருவாள். பெரியப்பா அவளுக்குப் பித்தளையில் பம்பரம் கடைந்து கொடுத்தார். கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார். அவள் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கார் பக்கம் போனால், “ஏறாதடி, பெரியப்பா வண்டி” என்று எப்போதோ தாய் சொல்லி வைத்தது அவளைத் தடுக்கும். கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பாள். போன பிறகு அந்த மூக்கின் தடத்தை அவர் துடைப்பார்.

அவள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ள, பெட்டியும் கையுமாக மூவரும் வந்தார்கள். பெண் புத்தம்புது ஜீன்ஸ் போட்டிருந்தாள். கருநீலம், கடையின் மடிப்புகூடக் கலையவில்லை.

“பெரியப்பா, ஸ்டேஷனுக்கு நீங்களே கொண்டு விடுங்களேன். ஒரு தடவகூட உங்க வண்டில ஏறினதே இல்ல நான்.”

அவர் சாவியை எடுத்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. தெருவுக்கு வந்து பின்கதவைத் திறந்தார். அப்போது தம்பி மனைவி சொன்னாள், இத்தனை காலத்து மரியாதை குறையாத குரலில்:

“ஷீட் விரிக்கலயா மாமா?”

“என்னம்மா ஷீட்?” என்றாள் பெண்.

“உனக்குத் தெரியாதில்ல. நீ வர்றதுக்கு அவசரப்பட்டப்போ உங்க பெரியப்பா மொதல்ல சீட்டுக்குத்தான் பிளாஸ்டிக் போட்டாரு. நான் கேட்டப் பிடிச்சுட்டு நின்னேன். உன்னச் சிமெண்டுத் தரையிலேயே பெத்துப் போட்டுருவேனோன்னு பயந்தேன். எங்க ரெண்டு பேரோட அழுக்கும் படக்கூடாதில்ல?”

“ஏய், விடேன்” என்றான் தம்பி.

“சும்மா சொன்னேங்க. தமாஷுக்கு.”

பெண் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்தாள். அப்படி இல்லை என்றாவது சொல்லலாம். அவள் கண்ணில் கோபம் இல்லை. கணக்கு ஏன் தப்பானது என்று கேட்கும் அதே பார்வை. அதற்கு அவர் பதில் சொல்லிப் பழகியிருந்தார்.

டிக்கியைத் திறந்தார். அதே ஷீட், கழுவி, மடிப்பு மாறாமல் வைத்திருந்தார். அதை அவர் கையில் பார்த்ததும் மனைவி, “ஐயோ, வேணாங்க” என்று முன்னால் வந்தாள். அவர் பின்கதவைத் தாண்டி முன்னால் போனார். ஓட்டுகிறவர் சீட்டில் ஷீட்டை விரித்தார். ஒரு ஓரத்தைச் செருகினார், மறு ஓரத்தைச் செருகினார். நிதானமாகவே செய்தார். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி சொன்னார்:

“ஏறுங்க. ரயிலுக்கு நேரமாச்சு.”

பெண் ஏறினாள். தட்டில் செருப்பைக் கழற்றப் போனாள், “இருக்கட்டும்” என்றார். தம்பி பெட்டியோடு முன்னால் ஏறினான். தம்பி மனைவி கதவருகே வந்து ஓட்டுகிறவர் சீட்டைப் பார்த்தாள். பிறகு, “நான் ஆட்டோல பின்னாடியே வர்றேன்” என்று தெருமுனைக்கு நடந்தாள். ஸ்டேஷன் வரை திருப்பங்களில் ஷீட் மட்டும் சத்தம் போட்டது.

ஜீன்ஸின் நீலம் பின்சீட்டில் லேசாக இறங்கியிருந்தது. அந்தக் கறையை அவர் அப்படியே விட்டுவிடுவார் என்று மனைவி எதிர்பார்த்தாள். விடவில்லை. வந்த ஞாயிறும் அடுத்து வந்த ஞாயிறுகளும் தேய்த்து, துணி வெள்ளையாகும் வரை எடுத்தார். தெருப் பிள்ளைகளிடம் தொடாதே என்று சொல்வதும் நிற்கவில்லை.

முன்சீட்டின் ஷீட்டை மட்டும் அவர் எடுக்கவில்லை. வெயில் காலத்தில் அது கொதிக்கும். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டி, தோல் உரிவதைப் போல் பிரியும். “தன் வேர்வ பட்டாக்கூடச் சீட்டு கெட்டுடுமாம், பாருங்க” என்று தம்பி மனைவி யாரிடமோ சொன்னாளாம். அதுவும் தப்பென்று சொல்ல முடியாது. மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“எதுக்குங்க இந்தப் பாடு? எடுத்துடுங்களேன்.”

அவர் ஷீட்டின் கிளம்பிய ஓரத்தை இடுக்கில் செருகிவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.