சிவப்பு ஸ்டிக்கர்

சமூகத் தொண்டுத் திட்டம் ஒன்றை வகுத்துச் செய்து காட்டினால் கல்லூரிப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்றார்கள். செலண்டார் ஊரில் எங்கள் தோட்டக் குடியிருப்பு முதியவர்களின் மருந்துப் பைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டினேன். காலைக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம். அவசரமாகச் சொல்லிவிட்டு ஒரே மாலையில் எல்லா வீட்டையும் முடித்தேன். ‘அனைவரும் பயனடைந்தனர்’ என்று விண்ணப்பப் பாரத்திலும் எழுதிவிட்டேன்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தை மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றார்கள். அவருடைய காலை மாத்திரைகள் அப்படியே இருந்தன.

“சிவப்புன்னா சாப்பிடக் கூடாதுதானே லா? படிச்ச புள்ள ஒட்டியிருக்கேன்னு தொடவே இல்ல” என்றார், கண் விழித்ததும்.

அத்தை தேறிவிட்டார். பாரத்தில் ‘அனைவரும் பயனடைந்தனர்’ என்ற வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுதி அனுப்பினேன். இப்போது எந்த அடையாளத்தையும் முதலில் காட்டி, என்ன புரிகிறது என்று அவர்களிடமே கேட்கிறேன். அத்தையின் காலை மாத்திரைப் பையில் இன்று ஒரு சூரியன் இருக்கிறது. வரைந்தது அத்தைதான்.